பழைய ஃபைலைப் போட்டால் பழைய இன்ஜின் வராது

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வி-கிராஸ் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். 2.5 லிட்டர், பிஎஸ்4 வண்டி. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரெஷன் சுத்தமாக இல்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தால், பிஸ்டன் தலையில் இருக்கும் குழியின் விளிம்பு, காற்றில் ஒருபக்கமாக வழிந்த மெழுகுவத்தி மாதிரி உருகி இறங்கியிருந்தது. சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடு. இந்த நாலு மாதத்தில் எங்கள் கடைக்கு இப்படி வரும் மூன்றாவது வண்டி இது. மூன்றும் ரீமேப் செய்த வண்டிகள், அதாவது பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பெனி ஃபைலை மாற்றி எழுதியவை.

வண்டிக்காரர் முப்பது வயதுத் தம்பி, தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பிஸ்டனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இது: "ஏனுங்ணா, கம்பெனி ஃபைல் பென் டிரைவ்ல பத்திரமா இருக்குதுங்ணா. அதைப் போட்டுட்டா சரியாயிருமுங்ளா?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"சாஃப்ட்வேர் தானே, பிடிக்கலைன்னா திருப்பிப் போட்டுக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்தை ரீமேப் கடையில் சொல்லி அனுப்புகிறார்கள், வருகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள். போனில் தீம் மாற்றுகிற மாதிரி நினைக்கிறார்கள். ஈசியூ என்கிற அந்த இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருப்பது எழுத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எழுத்து சொல்வது என்ன? இவ்வளவு டீசலை, இவ்வளவு அழுத்தத்தில், இந்த நேரத்தில் ஊற்று என்கிறது. ஊற்றின டீசல் எரிந்தது எரிந்ததுதான். ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல் சூட்டில் ஓடின பிஸ்டன், கூடுதல் வேகத்தில் சுழன்ற டர்போ, வழுக்கி வழுக்கித் தேய்ந்த கிளட்ச் தட்டு, அடி வாங்கின கனெக்டிங் ராடு பேரிங், இவை எதற்கும் 'அன்டூ' பட்டன் கிடையாது. குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டால் சமையல் குறிப்பை அழித்து எழுதி என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் சொல்வார்கள். "சர்வீசுக்கு விடறதுக்கு முந்தி பழைய ஃபைலைப் போட்டுட்டா கம்பெனிக்குத் தெரியாது." பல ஈசியூக்களில் எத்தனை முறை எழுதினார்கள் என்ற கணக்கு உள்ளேயே பதிவாகிறது. ஃபைலைத் திருப்பினாலும் அந்த எண் திரும்பாது. போதாக்குறைக்கு, சர்வீஸ் சென்டரில் புது அப்டேட் ஏற்றினால் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட மேப் அப்படியே போய்விடும். மறுபடி காசு.

சரி, இந்தத் தம்பியின் வண்டிக்கு வருவோம். கம்பெனி டயர் 245/70 ஆர்16. அதைக் கழற்றிவிட்டு 285/75 ஆர்16 போட்டிருக்கிறார், ஊரில் முப்பத்திமூணு இன்ச் என்று சொல்கிறோமே, அது. முன்னால் இரும்பு பம்பர், சிக்கின வண்டியை இழுக்கிற வின்ச். மேலே கூரைக் கூடாரம். சஸ்பென்ஷன் இரண்டு இன்ச் உயரம். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய டயரின் உயரம் சுமார் 749 மில்லிமீட்டர், புதியது 834. பதினொரு சதவீதம் பெரிசு. மீட்டரில் 90 காட்டும்போது வண்டி நிஜத்தில் 100-ல் போகிறது. கம்பெனி கொடுத்த 320 நியூட்டன் மீட்டர் டார்க், இந்த டயரில் தரையைத் தள்ளும்போது 288 அளவுக்குத்தான் வேலை செய்யும். அதோடு இரும்பின் எடை வேறு. வண்டி மந்தமாகாமல் என்ன செய்யும்?

அந்த மந்தத்துக்கு நேரான வைத்தியம் டயரைச் சின்னதாக்குவது, இல்லையென்றால் ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதத்தை மாற்றுவது. இரண்டாவது நம் ஊரில் லேசில் கிடைக்காது, முதலாவதற்கு யாருக்கும் மனசு வராது. அதனால் ரீமேப் கடைக்குப் போகிறார்கள். தப்பில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது?

"உள்ள விட்டேனுங்ணா, போய் டீ குடிச்சுட்டு வரச் சொன்னாங்க. முக்கா மணி நேரத்துல முடிஞ்சுருச்சு. இருபத்தெட்டாயிரம் ஆச்சுங்."

டயர் அளவைக் கேட்டார்களா? இல்லை. எங்கே ஓட்டுவீர்கள், என்ன ஏற்றுவீர்கள் என்று? இல்லை. ஸ்கேனர் போட்டு ஏற்கெனவே கோளாறு ஏதும் இருக்கிறதா என்று? அதுவும் இல்லை. ஃபைலை லேப்டாப்பில் இறக்கி, ஆன்லைனில் எங்கோ இருக்கும் ஒரு ஃபைல் வியாபாரிக்கு அனுப்பி, அவர் திருத்தி அனுப்பியதை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு இது வி-கிராஸ் என்று தெரியும். முப்பத்திமூணு இன்ச் டயர் தெரியாது, வின்ச் தெரியாது, ஆழியாறு தெரியாது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாலு பேர், கூடாரம், சாமான், ஏசி. இருபத்தெட்டாவது வளைவு தாண்டியதும் சத்தம் மாறியிருக்கிறது. "மீட்டர்ல முள்ளு பாதியிலயே தானுங்ணா நின்னுச்சு, சூடே ஏறலீங்" என்கிறார். அந்த முள் காட்டுவது தண்ணிச் சூட்டை. பிஸ்டனை உருக்குவது எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு. டர்போவுக்கு முன்னால் அது நீடித்து 700 டிகிரியைத் தாண்டினால் நான் வண்டியை ஓரங்கட்டச் சொல்வேன். சுத்த அலுமினியமே 660-ல் உருகும், பிஸ்டனின் கலவை அதற்கும் கீழேயே தளர ஆரம்பிக்கும். இந்தச் சூட்டைக் காட்ட டேஷ்போர்டில் முள்ளே கிடையாது. தனியாக மீட்டர் மாட்ட வேண்டும். முப்பத்திமூணு இன்ச் டயருக்குக் காசு இருந்தவருக்கு அதற்கு இல்லாமலா போகும்?

கதை இதோடு முடியவில்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸில் கிளாம்ப் ஓரம் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். ரீமேப்புக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், ஓரமெல்லாம் அழுக்கேறிக் கருத்துப் போயிருந்தது. காற்று வெளியே கசிகிறது, டீசல் மட்டும் கூடுதலாக இறங்குகிறது. காற்று குறைந்தால் டீசலையும் குறைக்கிற காவல் ஒன்று கம்பெனி ஃபைலில் உண்டு. எனக்குப் பழக்கமான ட்யூனர் ஒருவரிடம் இந்த ஈசியூவைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்தக் காவலைத் தாராளமாகத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் வண்டியை ஓட்டி, ஈசியூ கேட்ட பூஸ்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஹோஸ் கிழிசல் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஹோஸ் விலை என்ன, இன்ஜின் வேலைக்கு நான் எழுதின இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்ன!

பம்ப், நாசில் வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். அந்தக் காலத்தில் ரோட்டரி பம்பில் டீசலைக் கூட்டும் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி விடச் சொல்வார்கள் லோடு வண்டிக்காரர்கள். உடனே கரும்புகை வரும், அவர்களே பயந்து கால் சுற்று குறைத்துக்கொள்வார்கள். இப்போது என்னடாவென்றால் கரும்புகையை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். புகை என்பது எரியாத டீசல், தம்பி. எடைக்கணக்கில் ஒரு பங்கு டீசலுக்குப் பதினெட்டுப் பங்கு காற்றாவது இருக்கட்டும், அதற்குக் கீழே போகப் போகப் புகைதான் கிடைக்கும். அமெரிக்க வீடியோக்களில் பார்க்கிற பிக்கப்புகளில் 6.7 லிட்டர் இன்ஜின். உங்களுடையது 2.5, புது வண்டி என்றால் 1.9. அவர்கள் போடும் ஆட்டத்தை இதில் போடாதீர்கள்.

ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி போர்ட்டில் செருகும் மலிவு டப்பாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மினுக் மினுக்கென்று விளக்கு எரிவதற்கு மட்டும் சாமான் இருந்தது. ஒரு விதத்தில் அதுவே நல்லது, இன்ஜினை ஒன்றும் செய்யாது. டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் சென்ஸர் ஒயரில் நடுவே மாட்டுகிற ட்யூனிங் பாக்ஸ் வேறு ரகம். அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்லி, நிஜ அழுத்தத்தை ஏற்ற வைக்கும். நாசில் கெட்டு என்னிடம் வரும் வண்டிகளில் அதைக் கழற்றி டிக்கியில் ஒளித்து வைத்திருப்பார்கள். ஒயர் கிளிப்பில் நகக் கீறல் இருக்கும், எனக்குத் தெரியாதா?

ட்யூனரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: எத்தனை ஹெச்பி கூட்டித் தருவீர்கள் என்று நீங்கள் கேட்காதீர்கள், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். டயர், எடை, கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மலையா சமவெளியா, இவற்றைக் கேட்காமல் விலையைச் சொல்கிறவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். ஃபைலைப் படித்து எழுதும் கருவியைக் காட்டி, "உங்க டூல் மாஸ்டரா, ஸ்லேவா?" என்று கேளுங்கள். ஸ்லேவ் என்றால் அவர் படித்தெடுக்கும் ஃபைல் பூட்டியிருக்கும், அதை அவரால் திறந்துகூடப் பார்க்க முடியாது, இன்னொருவர்தான் திருத்துவார். அதனாலேயே அவர் மோசமானவர் ஆகிவிட மாட்டார். அந்த இன்னொருவர் யார், உங்கள் வண்டியின் விவரம் அவருக்குப் போகிறதா, ஓட்டிப் பார்த்து, அப்போது பதிவான அளவுகளை (லாக்) அனுப்பினால் மறுபடி திருத்தித் தருவாரா என்பதுதான் கேள்வி. முதல் ஃபைலோடு கைகழுவுகிறவர் வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்னால் ஸ்கேன், நாசிலிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவு, ஹோஸ் கசிவு, கிளட்ச் வழுக்கல், இத்தனையும் பார்க்க வேண்டும். ஃபைல் ஏற்றும்போது பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் மாட்டியிருக்கிறாரா பாருங்கள். பாதியில் வோல்ட் விழுந்தால் ஈசியூ செங்கல்தான். கம்பெனி ஃபைலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது நிஜமாகவே உங்கள் ஈசியூவிலிருந்து படித்ததா, இல்லை நம்பரை வைத்து சர்வரிலிருந்து இறக்கியதா என்றும் கேளுங்கள். பவரை அளக்கும் டைனோ மெஷினின் தாளில் உச்ச ஹெச்பியை மட்டும் பார்க்காமல் 1,500-லிருந்து 2,500 ஆர்பிஎம் வரை டார்க் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கீழேயே செங்குத்தாக ஏறினால் ஓட்டச் சுகமாக இருக்கும், கிளட்சும் கனெக்டிங் ராடும்தான் அதற்கு விலை கொடுக்கும். "இந்த வண்டிக்கு இவ்வளவுதான், இதற்கு மேல் செய்ய மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) அடைக்கிறேன், பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எடுத்துவிடுகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள். கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அந்தப் பெரிய டயரும் இதில் மாட்டும், சொல்லிவிட்டேன். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான்.

தம்பியின் இன்ஜின் இப்போது ஏறிவிட்டது. மனசில்லாமல் பழைய டயரையே மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார். ஆயிரம் கிலோமீட்டர் வரை ஏற்றம், பாரம் இரண்டும் வேண்டாம் என்றிருக்கிறேன். நேற்று போன் செய்தார். "ஆயிரம் முடிஞ்சப்புறம் ரீமேப் பண்ணலாமுங்ளாண்ணா?" முதலில் எக்ஸாஸ்ட் மீட்டரை மாட்டு, கம்பெனி ஃபைலிலேயே அதே நாலு பேரோடு வால்பாறை ஏறி இறங்கு, ஒவ்வொரு வளைவிலும் முள் எங்கே நின்றது என்று பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல், அந்தத் தாளோடு வா என்றேன். "நாப்பது வளைவுமாங்ணா?" என்றார். நாப்பதும்தான்.