குறிகட்டுவானும் ரோமப் படையின் இடிக்கடவுளும்

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு ஆனியில் கொடியேறினால், எந்த ஊரிலிருந்து புறப்பட்டவர்களும் அநேகமாகக் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் வந்து சேருவார்கள். பஸ்ஸை விட்டிறங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் படகுக்குள் இறங்குகிற சின்ன இடம் அது. அதை ஒருநாள் மூடினால் கோயிலுக்கு வரும் வழியே அடைபட்டுப்போகும்.

வலையமைப்பு ஆய்வு செய்பவர்கள் தேடுவது இப்படியான இடங்களைத்தான். ஊர்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்துகொள்கிறார்கள். ஒரு புள்ளியில் எத்தனை கோடுகள் சேர்கின்றன என்பது ஒரு கணக்கு. மற்றப் புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழிகளில் எத்தனை அதனூடாகப் போகின்றன என்பது இன்னொரு கணக்கு. குறிகட்டுவான் முதலாவதில் தோற்றுப்போகும், இரண்டாவதில் வென்றுவிடும். வழிபாடுகள் பரவிய கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவதுதான்.

தொலிக்கே என்ற ஊர் இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் இருந்தது. அதன் கடவுள் காளைமேல் நின்று, ஒரு கையில் இரட்டைக் கோடரியும் மறுகையில் இடியும் ஏந்தியிருப்பார். கி.பி. 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகளில் அவரை ரைன், டான்யூப் கரைகளிலும் பிரித்தானியாவின் ஹட்ரியன் மதிலோரத்திலும் கும்பிட்டார்கள். எண்ணெய் கசிவதுபோலப் பக்கத்து ஊர், அடுத்த ஊர் என்று அவர் பரவவில்லை. தடயங்கள் ரோமப் பேரரசின் எல்லைப் படைமுகாம்களில்தான் குவிந்து கிடக்கின்றன. நேர்த்திக்கடன் கல்வெட்டுகளில் பெயரோடு பதவியும் படைப்பிரிவும் இருப்பதால், ஒவ்வொரு கல்லும் ஒரு கோடாகிவிடுகிறது. சாதாரணப் படைவீரர் பெரும்பாலும் ஒரே மாகாணத்தில் காலம் கழிக்க, அதிகாரிகள் முகாம்விட்டு முகாம் மாற்றலாகிப் போனார்கள். தூரத்து முகாம்களை இணைத்த கோடுகள் அவர்கள்தான்.

சரி, நம் பக்கம்? 1936இல் வெளிச்சத்துக்கு வந்த வல்லிபுரம் பொற்தகடு, அனுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்தில் நாகதீவில் (யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பெயர்) ஒரு விகாரை கட்டப்பட்டதைச் சொல்கிறது. கைக்குள் அடங்கும் அந்தத் தகடு வல்லிபுரத்துக்கும் அனுராதபுரத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டுத் தருகிறது. அதே குடாநாட்டின் கந்தரோடையில், முருகைக்கல்லால் ஆன சிறு தூபிகள் நிற்கிற அந்த மண்ணில், உட்புறத்தில் பொடிப்பொடிப் பள்ளங்கள் வட்டம் வட்டமாக ஓடும் வழுவழுப்பான பானை ஓடுகள் கிடைத்தன. அதே வகை ஓடு இந்தியக் கரையின் அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் அனுராதபுரத்திலும் உண்டு. ஓடு வந்த கோட்டில் வழிபாடும் வந்தது என்று உடனே முடிவுகட்டக்கூடாது. ஆனால் வழிபாட்டைச் சுமந்தவர்கள் நடந்திருக்கக்கூடிய பாதை அதில் தெரிகிறது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: கல்லும் ஓடும் தங்கிவிடும், மண்சுவரும் கிடுகுக்கூரையுமாக இருந்த கோயில் தடயமில்லாமல் போய்விடும்.

அதனால், கிடைத்த படத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க, ஒரு புள்ளியை எடுத்துவிட்டுப் படத்தைத் திரும்ப வரைந்து பார்ப்பார்கள். திருக்கேதீச்சரம் இருக்கிற மாதோட்டத் துறைமுகத்தை அழித்துவிட்டுக் கணக்கைப் போடுங்கள். கந்தரோடையிலிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் வழி எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவையும் அந்தத் துறைமுகம் சுமந்திருக்கிறது.