டப்பாவில் போட்டிருக்கும் மைக்ரானை வைத்து ஆயில் ஃபில்டரை எடை போடாதீர்கள்

"ஏங்கண்ணா, இந்த ஃபில்டர் 20 மைக்ரானாமா, நல்லதுங்களா?" சேலத்தில் பட்டறைக்கு வண்டி விட வருகிறவர்கள் டப்பாவை நீட்டிக் கேட்பது இதைத்தான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஃபில்டர் எவ்வளவு பொடித் துகளைப் பிடிக்கும் என்று சொல்லப் போடுவது. அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 20 மைக்ரான் துகளில் பாதியைப் பிடிக்கிற ஃபில்டரும் '20 மைக்ரான்'தான், கிட்டத்தட்ட முழுசாகப் பிடிப்பதும் '20 மைக்ரான்'தான். சதவீதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்றொரு சோதனை உண்டு. எண்ணெயில் தூசியை விடாமல் கலந்து, ஃபில்டர் வழியே சுற்றவிட்டு, உள்ளே போகும் துகளையும் வெளியே வருவதையும் எண்ணுவார்கள். 75 போய் 1 வெளியே வந்தால் பீட்டா 75. அதாவது சுமார் 98.7 சதவீதம் பிடிபட்டது. பீட்டா 2 என்றால் வெறும் 50. அடைத்துக்கொள்வதற்குள் எவ்வளவு தூசி தாங்கியது என்பதும் இதே சோதனையில் தெரிந்துவிடும்.

அப்புறம் பைபாஸ் வால்வு, அதாவது ஃபில்டர் காகிதத்தைத் தாண்டி எண்ணெய் போக விடும் ஸ்பிரிங் கதவு. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப்பைக் கிளப்பினால் எண்ணெய் கெட்டியாக இருக்கும். மடிப்புக் காகிதத்தில் நுழைய முடியாமல் அழுத்தம் ஏறும், வால்வு திறக்கும், வடிகட்டாத எண்ணெய் எஞ்சினுக்குப் போகும். பேரிங் காய்வதற்கு அழுக்கு எண்ணெயே தேவலை என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்வாக இருக்கிற மலிவு ஃபில்டரில் எஞ்சின் சூடான பிறகும் இது திறந்துகொள்ளும். அந்த ஃபில்டர் எத்தனை மைக்ரானாக இருந்து என்ன பயன்?

எண்ணெய் கறுத்துவிட்டது என்று ஃபில்டரைத் திட்டுகிறவர்களும் உண்டு. டீசல் கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் பொடிசு. எந்த நல்ல ஃபில்டரும் அதை விட்டுவிடும்.

நான் கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பேன். ஆக்ஸா பிளேடு வேண்டாம், அறுத்த இரும்புத்தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர் என்றே விற்கிறது. காகிதத்தை வெளியே எடுத்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு, வெயிலில் மடிப்பு மடிப்பாக விரியுங்கள். மடிப்புகள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ஓரத்தில் பசை விட்டிருந்தாலோ அந்த பிராண்டை அடுத்த முறை வாங்க வேண்டாம். மினுங்குகிற பொடி தெரிந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, தேய்வது பேரிங். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, எஞ்சின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.