வெள்ளைப் பொடியும் சாயத் தண்ணீரும்

பல வருடம் வெயில் தின்ற வெளிச்சுவரில் சாய்ந்து நின்றால் சட்டை முதுகெல்லாம் வெள்ளையாகிவிடும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். அதில் டைட்டானியம் டை ஆக்சைடுக்கும் பங்கு உண்டு. பெயிண்டுக்கு வெண்மை தரும் அந்தப் பொடி, வெயில் பட்டதும் தன்னைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் பிசினையே அரிக்கத் தொடங்குகிறது. இதை அடக்கத்தான் பெயிண்ட் நிறுவனங்கள் துகள்களுக்கு சிலிக்கா, அலுமினா உறை போர்த்துகின்றன.

உறை இல்லாத துகளைச் சாயத் தண்ணீரில் போட்டால், அரிபடுவது சாயம்.

இந்த ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி, அதாவது போதிய ஆற்றல் கிடைத்தால்தான் இதன் எலக்ட்ரான்கள் விடுபட்டு நகரும். இதன் எலக்ட்ரான் மேல் தளத்துக்குத் தாவ சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். புறஊதா ஒளி அதைக் கொடுக்கிறது. எலக்ட்ரான் விட்டுப்போன இடத்தில் ஒரு துளை விழும். அந்தத் துளை, துகளின்மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ராக்சில் தனியுறுப்பை, அதாவது ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலையும் துண்டை, உண்டாக்குகிறது. தாவிய எலக்ட்ரான், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனோடு சேர்ந்து அதைச் சூப்பராக்சைடாக்குகிறது. இரண்டும் முரடர்கள், எதிர்ப்பட்ட கரிமப் பொருளைக் குதறிவிடும். பொடி செலவாவதே இல்லை. 1967இல் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர் அகிரா ஃபுஜிஷிமா, ஒளிபட்ட இந்தப் படிகத்திலிருந்து தண்ணீரில் குமிழி கிளம்புவதைப் பார்த்தார். பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவுடன் அவர் 1972இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

இந்த வேலைக்குப் பொடியை நானோ அளவுக்கு, அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று அளக்கும் சிறுமைக்கு, கொண்டுபோவது எதற்கு? எலக்ட்ரானும் துளையும் கண்ணிமைப்பதற்கு எவ்வளவோ முன்பே மீண்டும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தால் மிஞ்சுவது வெப்பம்தான். துகள் சிறிதாக இருந்தால் மேற்பரப்பு பக்கத்திலேயே இருக்கிறது, சேர்வதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். தவிர, சுமார் 20 நானோமீட்டர் துகள்கள் ஒரு கிராம் எடுத்தால் மேற்பரப்பு 50 சதுர மீட்டர்: ஒரு கரண்டிப் பொடியில் ஒரு சிறு வீட்டின் தரை!

பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். துகளைவிடப் பல மடங்கு பெரிய அதன் சவ்வில் உள்ள கொழுப்பை முரடர்கள் ஆக்சிஜனேற்றம் செய்ய, சவ்வு கிழிந்து உள்ளிருப்பது கசிகிறது. துத்தநாக ஆக்சைடு இன்னும் ஒரு படி மேல். அது துத்தநாக அயனிகளையும் கசியவிடுவதால் இருட்டிலும் ஓரளவு கொல்லும்.

ஆய்வகத்தில் மெத்திலீன் நீலக் கரைசல் தெளிந்துவிட்டால் வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அந்தச் சாயம் பொடியே இல்லாமலும் வெயிலில் ஓரளவு வெளுக்கும். அசோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவிலான பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். ஆனால் அமீன்கள் என்ற நஞ்சான நைட்ரஜன் சேர்மங்கள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடக்கூடும். கரிமம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால்தான் உண்மை தெரியும்.

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதும், 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரியும். அந்தக் கழிவுநீர் குடுவைக் கரைசல் அல்ல. சாயம் ஏறக் கொட்டிய உப்பு முரடர்களை வழியிலேயே மடக்கிவிடும். அடர்ந்த நிறம் ஒளியை உள்ளே விடாது. வெயிலில் புறஊதாவின் பங்கோ ஐந்து சதவீதம்தான். போட்ட பொடியைத் திரும்ப வடித்தெடுப்பது தனிப் பாடு. அதனால் முதல் தொட்டியில் இந்தப் பொடிக்கு வேலை இல்லை. மற்ற சுத்திகரிப்பெல்லாம் முடிந்து வெளிறிய தண்ணீர், பொடி பூசிய தகட்டின்மேல் மெல்லிய படலமாக வெயிலில் வழிந்தோடும் இடத்தில் வேண்டுமானால் இருக்கலாம்.