ஆல்கலினிட்டி: காரத்தன்மையா, கார இருப்பா?

கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பவர்கள் ‘ஆல்க் எவ்வளவு?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். முழுச்சொல் ஆல்கலினிட்டி. தமிழில் அதைக் ‘காரத்தன்மை’ என்று எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் 8.2 என்று வந்ததும் காரத்தன்மை சரியாக இருக்கிறது என்று நம்பிப் புதுப் பவளங்களை இறக்கினேன். இரண்டே வாரத்தில் திசு உரிந்து வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சியது. அப்புறம் அளந்தபோது ஆல்க் 5 டிகேஎச் (ஆல்க்கை அளக்கும் அலகு). இயற்கைக் கடல்நீரில் அது 7 அளவில் இருக்கும்.

‘அல்-கலி’ அரபுச் சொல். உவர்நிலச் செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பலுக்கு அந்தப் பெயர். நம் உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரியின் உறவுச் செடிகள்தான் அவை. கண்ணாடிக்கும் சவுக்காரத்துக்கும் அந்தச் சாம்பல் வேண்டியிருந்தது. நம் ‘காரம்’ வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது. அதுவும் சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பைக் குறித்த சொல்தான். வெங்காரம், அப்பளக்காரம் எல்லாம் அந்தப் பொருளை இன்றும் வைத்திருக்கின்றன. ஆகவே ‘காரம்’ அருமையான பொருத்தம். இடறுவது ‘தன்மை’தான்.

தன்மை என்றால் நீர் இப்போது எப்படி இருக்கிறது என்று பொருள்படும். அதைச் சொல்வது பிஎச். ஆல்கலினிட்டி சொல்வது வேறு: எவ்வளவு அமிலம் சேரும்வரை இந்த நீர் ஈடுகொடுக்கும் என்பதை. கடல்நீரில் அந்த வலு பெரும்பாலும் பைகார்பனேட்டிலும் கார்பனேட்டிலும் இருக்கிறது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட எடுத்துக்கொள்வதும் அதையேதான். எடுக்க எடுக்கக் குறையும், நாம் போட்டால் ஏறும். அதனால் ‘கார இருப்பு’ என்பதே சரியான தமிழ் என்று நினைக்கிறேன். கடையில் சரக்கு இருப்புப் பார்க்கிற மாதிரி.

அலகான டிகேஎச் ஜெர்மன் வழி வந்தது. கார்பனேட் கடினத்தன்மை என்று பொருள். ஒரு டிகேஎச் என்பது லிட்டருக்கு 17.86 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

சொல்லை இப்படி மாற்றிக்கொண்டால், சரிந்துபோன தொட்டியை மீட்கும் வழியும் தெளிவாகும். முதலில் உப்பளவை 35க்குக் (ஆயிரத்தில் 35 பங்கு) கொண்டுவர வேண்டும். அது ஆடினால் மற்ற எண்கள் எல்லாம் கூடவே ஆடும். பிறகு மக்னீசியம், 1300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1300 பங்கு) அளவுக்கு. அது குறைந்திருந்தால் கார இருப்பு பவளத்துக்குப் போகாமல் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அப்புறம்தான் ஆல்க். 100 லிட்டர் நீருக்கு 3 கிராம் ஆப்ப சோடா ஏறக்குறைய ஒரு டிகேஎச் ஏற்றும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கால்சியக் கரைசலை அதே நேரத்தில் ஊற்றவும் வேண்டாம், நீர் பால்போல் கலங்கும்.

பவளம் பாதி செத்த தொட்டியில் கார இருப்பு செலவாவதும் குறைந்துவிடும். பழைய அளவிலேயே சோடாவைப் போட்டுக்கொண்டிருந்தால் இருப்பு ஏறிக்கொண்டே போகும், அதுவும் பவளத்துக்கு ஆகாது. தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள். கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க, இரண்டு வாரம் ஆல்க் 8 பக்கத்தில் அசையாமல் நின்றால் ஒரே ஒரு பவளத்தை இறக்கலாம். இறக்கிய மறுநாளிலிருந்து செலவு கூடும், அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.