ஊசி போட்டும் விடாத காய்ச்சலும், இடுப்பில் ஒரு கறுப்புப் பொருக்கும்

கார்த்திகை மாதம். மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. காங்கேயம் பக்கத்திலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை அவருடைய வீட்டுக்காரர் கூட்டி வந்தார். (யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) காய்ச்சல் தொடங்கி ஏழு நாள். அவர் கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் மூன்று லேப் ரிப்போர்ட், மடித்து வைத்த இரண்டு மருந்துச் சீட்டு.

"டைபாய்டுன்னு சொல்லிப்போட்டாங்க டாக்டர். மூணு நாளா ஊசி போட்டாச்சுங்க. காய்ச்ச உடவே இல்லீங்க. இன்னைக்குக் காத்தாலருந்து மூச்சு வேற வாங்குதுங்க."

ரிப்போர்ட்டில் வைடால் டெஸ்ட் 1:160 என்று இருந்தது. யாரோ பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். பிளேட்லெட் 78,000. கல்லீரல் என்சைம்கள் கூடியிருந்தன. போட்ட ஊசி செஃப்ட்ரியாக்ஸோன். டைபாய்டுக்கு அது நல்ல மருந்துதான். டைபாய்டாக இருந்தால்.

என்ன வேலைக்குப் போவீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "பட்டியில முப்பது ஆடு இருக்குதுங்க. கொறங்காட்டுக்கு ஓட்டீட்டுப் போவனுங்க" என்றார். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முழங்காலைத் தொடும். ஆட்டை விட்டுவிட்டு மர நிழலில் அந்தப் புல்லிலேயே உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், கொஞ்ச நேரம் தலை சாய்ப்பார்கள்.

திரை போட்டு, செவிலியரை விட்டு உடம்பு முழுவதும் பார்க்கச் சொன்னேன். அக்குளில் இல்லை. மார்புக்குக் கீழே இல்லை. பாவாடை நாடாவைத் தளர்த்தியதும், "டாக்டர், இங்க வந்து பாருங்க" என்றார். நாடா இறுகி இறுகித் தடம் விழுந்த இடத்தில், இடது பக்கமாக, துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்டது போல இருந்தது. தொட்டால் வலி இல்லை, அரிப்பு இல்லை.

"அது முள்ளுக் குத்துனதுங்க. கவனிக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. வலிக்காத ஒன்றை யார்தான் கவனிப்பார்கள்?

அது ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரால் ஒரு குழப்பமும் வருகிறது. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு, இது வேறு. மைட் என்ற மிக நுண்ணிய பூச்சி மண்ணிலும் புல்லிலும் புதரிலும் இருக்கிறது. அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான் கடிக்கும். ஆறு கால்களோடு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அது கண்ணில் படாது. உடம்பில் ஏறி, துணி இறுகும் இடத்தையும் தோல் மடியும் இடத்தையும் தேடிப் போகும். கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி உள்ளே போகிறது. ஜப்பானியப் பெயர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ராணுவ வீரர்களை இந்தக் காய்ச்சல் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில், காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் தொடங்கும். ஒரு வாரம் தாண்டினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். பிளேட்லெட் இறங்குவதால் பலருக்கு முதலில் டெங்கு என்றே பெயர் விழுகிறது.

அந்த அம்மாவுக்கு விழுந்த பெயர் டைபாய்டு. ஏன் அப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈரோடு, திருப்பூர், கோபி, பொள்ளாச்சி என்று எந்த ஊரில் உட்கார்ந்தாலும் வாரத்துக்கு நாலு பேராவது 'வைடால் பாசிட்டிவ்' என்ற காகிதத்தோடு வருகிறார்கள்.

வைடால் 1896-ல் வந்த பரிசோதனை. டைபாய்டுக் கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. சின்ன வயதில் எப்போதோ டைபாய்டு வந்து போயிருந்தாலும் அவை இருக்கலாம். தடுப்பூசி போட்டிருந்தாலும் இருக்கலாம். வேறு ஏதோ காய்ச்சலிலும் சும்மா ஏறிக் காட்டலாம். டைபாய்டு வழக்கமாக இருக்கும் நம் நாட்டில் ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை வைத்து முடிவு கட்டவே கூடாது. ஒழுங்காகப் பார்ப்பதென்றால் இன்றைக்கு ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், இல்லை ஐசியுவில் இருப்பார். காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே வைடால் பாசிட்டிவ் என்றால் அது பழைய கதையைச் சொல்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

டைபாய்டை உறுதிசெய்யும் வழி பிளட் கல்ச்சர். ரத்தத்தைச் சத்துள்ள திரவம் இருக்கும் பாட்டிலில் விட்டு, கதகதப்பில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். இதற்குத்தான் வீட்டார் பயந்துவிடுகிறார்கள். "ஏனுங்க, காய்ச்சல்ல கிடக்கற புள்ளைக்கு இவ்வளவு ரத்தம் எடுத்தா என்னங்க ஆகறது?" என்று ஒரு தகப்பனார் என் கையைப் பிடித்தே கேட்டார். இரண்டு பாட்டில் சேர்த்து நாலு டீஸ்பூன்தான் வரும், அதற்குக் குறைத்தால் இருக்கிற கிருமியையும் தவற விடுவோம் என்று சொல்லிப் புரிய வைத்தேன். இன்னொன்று, ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் ஊசி போட்ட பிறகு எடுத்தால், கிருமி பாதி செத்தும் பாதி ஒளிந்தும் இருக்கும், கல்ச்சரில் ஒன்றும் வளராது. சரியாக எடுத்தாலும் டைபாய்டு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வளர்கிறது. அப்படியிருந்தும் வளர்ந்துவிட்டால், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்பது வரை எழுத்தில் கிடைக்கிறது.

ஸ்க்ரப் டைபஸ் கிருமி இந்தப் பாட்டிலில் வளரவே வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே அது வாழும். செஃப்ட்ரியாக்ஸோன் அதன் மேல் வேலை செய்யாததும் அந்த அம்மா மூன்று நாளை இழந்ததும் இதனால்தான். ரத்தத்தில் ஸ்க்ரப் ஐஜிஎம் எலைசா பார்க்கலாம், ஆனால் அதுவும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவதுதான். முதல் ஐந்தாறு நாளில் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவோம். அந்தப் பொருக்கு கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் எல்லோருக்கும் அது இருக்காது. ஈரம் படியும் மடிப்புகளில் கறுக்காமல் வெளிறிய புண்ணாகவும் இருக்கும்.

பல வருடங்களுக்கு முன் நானே இதைத் தவற விட்டிருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை செய்த இளைஞர். பிளேட்லெட் குறைந்திருந்தது, ஊரில் டெங்கு ஓடிக்கொண்டிருந்தது. டெங்கு என்றே எழுதிவிட்டேன். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், வேட்டியை விலக்கிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவரை வென்டிலேட்டரில் வைத்தார்கள். என் சீனியர் வந்து தொடை இடுக்கில் இருந்த பொருக்கைக் காட்டினார். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டார். அவருடைய அம்மா ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகள் எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு கூச்சம் பார்த்து நான் எந்தக் காய்ச்சல் நோயாளியையும் பாதி பார்த்து அனுப்பியதில்லை.

சரி, மருந்துக்கு வருவோம். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் கேட்கும். டாக்ஸிசைக்ளின் விலை மிகக் குறைவு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு மாத்திரை காலை, ஒரு மாத்திரை இரவு, ஒரு வாரம். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம். ஆனால் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கி வருபவர்களுக்கு எது நல்லது என்பதில் மருத்துவர்களுக்குள் நெடுநாள் விவாதம் இருந்தது. ஆளுக்கொரு பழக்கம், ஆளுக்கொரு நியாயம்.

அந்த விவாதத்துக்கு விடை நம் பக்கத்திலிருந்தே வந்தது. வேலூர் சிஎம்சி முன்னின்று, இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய இன்ட்ரெஸ்ட் என்ற ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. கடுமையான ஸ்க்ரப் டைபஸோடு வந்த ஏறக்குறைய 800 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதற்கு இரண்டும், எல்லாம் நரம்பு வழியாக. யாருக்கு எது போகிறது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தனி மருந்து கொடுத்த பிரிவுகளில் 47, 48 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. இரண்டும் கொடுத்த பிரிவில் 33 சதவீதம். இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் மூன்று பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கிருமி தனக்கான புரதத்தைச் செய்யும் ரைபோசோமில் இந்த இரண்டு மருந்துகளும் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கின்றன. ஒரு பிடி நழுவினாலும் இன்னொன்று விடாது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம்.

நம் ஊர் நோயாளிகள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்துக் கலந்துகொண்டதால் கிடைத்த விடை இது. ஆராய்ச்சி என்றதும் "நம்மள வெச்சுச் சோதிக்கிறாங்க" என்று பின்வாங்குகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். லேசான காய்ச்சலுக்கு இரண்டு மருந்து வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

எத்தனை நாள் மருந்து என்பதும் இப்படி ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியதுதான். சிறுநீரில் தொடங்கி ரத்தத்தில் ஏறிய கிருமியோடு கோவையில் ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர் சேர்ந்திருந்தார். ஏழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றதும் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "போன தடவ பதினாலு நாள் போட்டாங்களே, டாக்டர்?" என்றார். 7 நாடுகளில் 74 மருத்துவமனைகளில் 3,608 பேரை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். குறைந்த நாள் மருந்து எந்த விதத்திலும் சளைக்கவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கும் இதய வால்வில் தொற்று உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால்தான் கிருமியின் பெயர் முதலில் தெரிய வேண்டும் என்கிறோம்.

காய்ச்சலோடு வரும்போது, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கொண்டு வாருங்கள். பேர் தெரியாத பொட்டலத்தில் என்ன இருந்தது என்று எங்களால் ஊகிக்க முடியாது. ஊசி போட்டிருந்தால் என்ன ஊசி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். தோட்டம், காடு, தோப்பு, மேய்ச்சல் என்று போய் வந்ததை நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை மாற்றிவிட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். துவைத்த துணியை வேலி மேலும் புல் மேலும் உலர்த்தும் பழக்கம் நம் தோட்டங்களில் அதிகம். கயிறு கட்டி உலர்த்துங்கள். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். பால், சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது.

காங்கேயத்து அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்து, இரண்டு மருந்தையும் நரம்பில் ஏற்றினோம். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இல்லை. ரவுண்ட்ஸ் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, ஆட்டை யார் ஓட்டிப் போகிறார்கள் என்று வீட்டுக்காரரைப் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். அதே அம்மா மறுபடியும் வந்தார், இந்த முறை தன் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு. காய்ச்சல் தொடங்கி இரண்டே நாள்.

"எங்கீம் போகலீங்க டாக்டர், நேரா இங்கதான் வந்தோம். முழங்காலுக்குப் பின்னாடி இருக்குதுங்க. நானே பாத்துப்போட்டேன்" என்றார்.

பார்த்தேன். இருந்தது. ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன்.