பம்புக்கு அடியில் ரப்பர் ஷீட்டைச் செருகாதீர்கள்

போன வாரம் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுடுதண்ணீர் சர்க்குலேஷன் பம்பின் டெலிவரி லைனில் (தண்ணீர் வெளியேறும் பைப்), பிரஷர் கேஜைத் தாங்கி நிற்கும் முக்கால் இஞ்ச் நிப்பிள், அதாவது சின்னத் துண்டுப் பைப், வேரோடு முறிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஹெல்ப்பர் தம்பிக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

"திடீர்னு உடைஞ்சிருச்சு சார்" என்றார் சூப்பர்வைசர். முறிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முறிவின் முக்கால் பங்கு கறுத்து, துருவேறி, சிப்பி ஓட்டின் மேல் இருக்குமே, அந்த மாதிரி வரிவரியாக இருந்தது. மிச்சக் கால் பங்குதான் பளிச்சென்று புதிதாக. திடீரென்று உடைந்தது அந்தக் கால் பங்கு மட்டும். மற்றதெல்லாம் பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டே வந்தது.

இந்த வருஷம் நான் பார்க்கும் நான்காவது நிப்பிள் இது. நான்கு இடத்திலும் பம்பும் மோட்டாரும் உட்காரும் பேஸ் பிளேட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் செருகியிருந்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

"ரப்பர் அதிர்வைக் குடிச்சிரும்" என்பது எப்படியோ எல்லா மில்லிலும் பரவிவிட்டது. ரப்பர் அப்படியெல்லாம் குடிக்காது. அது ஒரு ஸ்பிரிங். மெஷினின் எடையில் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 25 மி.மீ. அமுங்கினால் மெஷினும் பேடும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 3 முறை ஆடும் இயல்புடையவை. 6 மி.மீ. என்றால் ஆறரை முறை. நீங்கள் கடையில் வெட்டி வாங்கிவரும் கெட்டியான ஷீட் அரை மி.மீ. கூட அமுங்குவதில்லை. 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு 25 முறையில் வந்து நிற்கும். உங்கள் மோட்டார் 1440 ஆர்.பி.எம்., அதாவது விநாடிக்கு 24 சுற்று! ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுகிற அதே வேலையை மோட்டார் தன் பம்புக்குச் செய்கிறது. கெட்டித் தரையில் நின்றபோது இருந்த அதிர்வைவிடப் பல மடங்கு அதிகமாகிவிடும்.

மோட்டாரின் சுற்று, அந்த இயல்பான ஆட்டத்தைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் அதிர்வு குறையவே ஆரம்பிக்கும். நான் எப்போதும் 3 மடங்கு கேட்பேன். 1440 சுற்றுக்கு, பேட் குறைந்தது 4 மி.மீ. அமுங்க வேண்டும். 6 மி.மீ. ஷீட் 4 மி.மீ. அமுங்குமா, நீங்களே சொல்லுங்கள். அப்படியே சரியான ஸ்பிரிங் மவுண்ட் வாங்கிப் போட்டாலும், பைப்பை இறுக்கமாக நேரே ஃபிளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) மாட்டினால் பைப்பே மெஷினுக்கு ஐந்தாவது காலாகிவிடும். தரைத்தளத்துப் பம்புக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பம்பு, மோட்டார் எடையைப் போல மூன்று மடங்கு கான்கிரீட், பேஸ் பிளேட்டுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் சிமென்ட் கலவை நிரப்பும் ஒழுங்கான கிரவுட்டிங், அவ்வளவுதான். மேல்மாடியில் பம்பு வைக்கிறவர்கள்தான் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, அதிர்வு எங்கிருந்து வந்தது? பம்பை நிறுத்தி, லைனை வடித்து, ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தச் சொன்னேன். பைப் 'டங்'கென்று ஒரு விரல்கடை பக்கவாட்டில் விலகி நின்றது. பொருத்தும்போது கடப்பாரை போட்டு நெம்பிப் போல்ட் மாட்டியிருக்கிறார்கள். அத்தனை இழுவையையும் பம்பின் கேஸிங் (வெளிக்கூடு) தாங்கிக்கொண்டிருந்தது. பம்பு, மோட்டார் தண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அலைன்மென்ட் எப்படி நிற்கும்? தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். அந்த இரண்டு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்துவிட்டு ஃபிளேஞ்சை இறுக்குங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் பைப்பை வெட்டி ஒட்டுங்கள். பம்பை நகர்த்தாதீர்கள்.

அதற்குப் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான, வளையும் பைப் இணைப்பு) போட்டால் போதும் என்று உடனே ஒருவர் சொல்வார். டை ராட் (நீளாமல் பிடித்து வைக்கும் கம்பி) இல்லாத 150 மி.மீ. பெல்லோஸை 7 பார் அழுத்தம் ஆயிரம் கிலோவுக்கு மேலான விசையோடு நீட்டித் தள்ளும். 1974இல் இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில், இரண்டு பெல்லோஸுக்கு நடுவே தற்காலிகமாக ஒரு பைப்பைப் போட்டு, சாரக் கம்பிகளின் மேல் நிறுத்தி ஓட்டினார்கள். அது பிய்த்துக்கொண்டு வெடித்ததில் 28 பேர் செத்தார்கள். டை ராட் 'இடைஞ்சலாக இருக்கிறது' என்று கழற்றிப் போடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்த நிப்பிள். அதிர்கிறதென்று தெரிந்து, இரும்பு ஆங்கிளை வெட்டி, நிப்பிளைப் பக்கத்துத் தூணோடு சேர்த்து வெல்ட் அடித்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் கட்டிய இடம் தப்பு. பைப் ஆடுகிறது, தூண் ஆடாது. நடுவில் மாட்டிய நிப்பிள் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்கிறது. கட்டுவதானால் அந்த மெயின் பைப்போடேயே கட்டுங்கள், இரண்டு திசையிலும். அதைவிட நல்லது நிப்பிளைக் குட்டையாக வைப்பது. கனமான பித்தளை வால்வையும் பெரிய கேஜையும் சுவரில் மாட்டிவிட்டு, வளையும் டியூபில் இணைப்புக் கொடுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரில் தெர்மாகோல் ஒட்டினால் சத்தம் அடுத்த அறைக்குப் போகாது என்று நம்பாதீர்கள். தடுப்பதற்கு எடை வேண்டும். ஸ்டீம் லைன் லேகிங்கில் (சூடு போகாமல் பைப்பைச் சுற்றும் உறை) வெளித் தகடு பைப்பை எங்காவது தொட்டால், தகடே ஸ்பீக்கர் மாதிரி கத்தும். பம்புக்குள் ஜல்லி உருள்கிற சத்தம் கேட்டால் மூடி வைக்கப் பார்க்காதீர்கள், அது கேவிட்டேஷன், அதாவது பம்புக்குள் ஆவிக்குமிழ்கள் உருவாகி நொறுங்குவது. சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரை (தண்ணீர் உள்ளே வரும் பக்கத்து வடிகட்டி) கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

"பழகிருச்சு சார்" என்கிற ஆபரேட்டர்களே, காது பழகுவதில்லை, போய்க்கொண்டிருக்கிறது. 90 டெசிபெல் 8 மணி நேரத்துக்கான வரம்பு. 100 ஆனால் 2 மணி நேரம்தான். முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். அதனால்தான் வீட்டில் குழந்தை பேசுவது காதில் விழுந்தும் என்ன சொல்லென்று புரியாமல் போகிறது.

நாளைக்கு ஷிஃப்ட் மாறும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர், ஸ்டீம், அமில லைன்களில் ஒவ்வொரு நிப்பிளின் வேரையும் பாருங்கள். மெல்லிய துருக்கோடோ வெள்ளையாக உப்புப் பூத்த தடமோ தெரிந்தால் தொட்டுப் பார்க்க வேண்டாம், இறுக்கிப் பார்க்கவே வேண்டாம். எட்ட நின்று லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.