வெப்சைட் உங்களுடையது, டொமைன் யாருடையது?

வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ ஒரு கடை முதலாளியிடம் "உங்கட வெப்சைட்டின் டொமைன் யாருடைய பெயரில் இருக்கு அண்ணை?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "அதெல்லாம் தம்பிதான் பார்க்கிறவர்." தம்பி என்பவர் அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர். கொழும்பில் தனியாளாக இதே தொழிலைச் செய்பவன் என்பதால், திருத்தவோ புதுப்பிக்கவோ என்னிடம் வரும் பழைய வெப்சைட்களில் இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன். தம்பி இப்போது டோஹாவில் இருப்பார், இல்லாவிட்டால் டொரொன்டோவில். வட்ஸ்அப் இலக்கமும் மாறியிருக்கும்.

ஒரு வெப்சைட்டில் பெயர் (டொட் கொம், டொட் எல்கே என்று முடியும் முகவரி), அதன் கோப்புகள், அந்தக் கோப்புகள் இருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங் என்று மூன்று இருக்கின்றன. கோப்புகள் போனால் காசு செலவழித்துத் திரும்பச் செய்துகொள்ளலாம். ஹோஸ்டிங்கை மாற்றுவது பெரிய காரியமில்லை. டொமைன் எனப்படும் பெயர் கைவிட்டுப் போனால்தான் வில்லங்கம். பெயர்ப்பலகை, பில் புத்தகம், டெலிவரி வான் கதவு எல்லாவற்றிலும் அதை அச்சடித்து வைத்திருப்பீர்கள். அந்தப் பெயரில் ஓடும் ஈமெயிலும் அதோடு நின்றுவிடும். நின்றால் பரவாயில்லை. பிறகு அந்தப் பெயரை வாங்குகிறவர் அதே முகவரிகளைத் திறந்து, உங்களுக்கு வரவேண்டிய மெயிலையும் பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்புகளையும் தானே வாங்கிக்கொள்ளலாம்.

டொட் கொம் பெயர்களுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிகள் உண்டு. காசு கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பெயர் காலாவதியாகும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன்பும் ஒரு வாரத்துக்கு முன்பும் பதிவு நிறுவனம், அதாவது பெயரை விற்ற நிறுவனம், நினைவூட்ட வேண்டும். காலாவதியான பிறகும் ஒருமுறை அறிவிக்க வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் அந்த மெயில் போவது பதிவில் இருக்கும் முகவரிக்கு, அதாவது தம்பியின் பழைய ஈமெயிலுக்கு. காலாவதிக்குப் பின் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். சில நிறுவனங்கள் அது முடியுமுன்பே பெயரை ஏலத்தில் போட்டுவிடும். அடுத்து 30 நாள் மீட்புக் காலம்; அப்போது கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். டொட் எல்கே பெயர்களையும் 2010இல் வந்த டொட் இலங்கை பெயர்களையும் நிர்வகிப்பது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. அங்கே நடைமுறை வேறு. ஆனால் பெயரை எடுத்த கணக்கு உங்கள் கையில் இல்லாவிட்டால் சிக்கல் ஒன்றுதான்.

எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். டொமைனைத் தன் பெயரில் எடுத்துவைக்கும் எல்லாரும் மோசடிக்காரர் இல்லை. கடைக்காரரிடம் டொலர் அட்டை இருக்காது, ஈமெயில்கூட இருக்காது. அவசரத்துக்குத் தன் கணக்கிலேயே எடுத்துவிடுவார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே அடகு மாதிரி வைத்திருப்பார்கள். ஏனென்றால் வேலை முடிந்ததும் "அடுத்த மாசம் பார்ப்போம் தம்பி" என்று இழுத்தடிக்கிற முதலாளிமாரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அதற்குச் சரியான வழி, பாதிக் காசை முற்பணமாக வாங்குவதும், மிச்சக் காசு வரும்வரை கோப்புகளை வெளியே ஏற்றாமல் இருப்பதும். பெயரைப் பிடித்துவைப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

டொலர் கதை தனி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் பெரும்பாலும் டொலரில்தான் பில் வரும். "வருடத்துக்கு இவ்வளவு ரூபா, எல்லாம் சேர்த்து" என்று பேசியிருந்த தனியாட்கள் பலர் அந்த ஆண்டு கைக்காசைப் போட்டார்கள், அல்லது பேசாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு மூன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். முதல் இரண்டையும் உங்கள் அட்டையிலேயே கட்டுங்கள். டொட் கொம் பெயருக்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது டொலர் அளவில்தான் வரும்.

வேலை முடிந்து கணக்கைக் கையேற்கும்போது, தம்பி பக்கத்தில் இருக்கவே நீங்களே உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள். பதிவில் உங்கள் வியாபாரப் பெயரும், ஜிமெயில் போன்ற வேறொரு முகவரியும் இருக்கட்டும். அதே டொமைனில் ஓடும் ஈமெயிலைக் கொடுத்தால், பெயர் நின்ற நாளில் எச்சரிக்கையும் வராது. தம்பியை விலக்கத் தேவையில்லை. கணக்கை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டே அவருக்குத் தனி அனுமதி கொடுக்கும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. கோப்புகளோடு, வெப்சைட்டின் தகவல்கள் சேமிக்கப்படும் டேட்டாபேஸின் நகலையும் ஒரு பென்டிரைவில் வாங்கி வையுங்கள். (அப்படியே தமிழ் உள்ளடக்கத்தை யூனிகோடில் கேளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது அச்சகத்துக்குச் சரி. கூகுளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.)

ஏற்கெனவே தம்பி தொடர்பில் இல்லை என்றால்? ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் டொட் கொம் பெயரைப் போட்டால் உரிமையாளர் விவரம் மறைந்திருந்தாலும் பதிவு நிறுவனமும் காலாவதித் திகதியும் தெரியும். பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், வியாபாரப் பதிவுச் சான்றிதழோடு பதிவு நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள், வாய்ப்பு இருக்கிறது. தம்பியின் சொந்தப் பெயரில் இருந்தால் கடினம். ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் முறையிடலாம், ஒரு நடுவர் விசாரிக்க 1500 டொலர், அதோடு வர்த்தகக் குறி உரிமையையும் எதிராளியின் தீய நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். சின்னக் கடைகளுக்கு நான் சொல்வது, புதுப் பெயர் ஒன்றை எடுங்கள். எடுத்த கையோடு கூகுள் மேப்பிலும் பேஸ்புக்கிலும் இருக்கும் இணைப்பை மாற்றுங்கள். அந்தக் கூகுள் மேப் பதிவும் தம்பியின் ஜிமெயிலில் இருந்தால், உரிமை கோரும் வழி கூகுளிலேயே இருக்கிறது.